மாவு மில் வழியாக ஒரு பார்லர்

மாப்பிள்ளை சொன்னால் மறுத்துப் பேசக்கூடாது என்பது சரசாவின் கொள்கை. அந்தக் கொள்கையின் புண்ணியத்தில்தான், கரையான்சாவடி மெயின் ரோட்டில் பதினாறு வருடம் மெரூன் திரைக்குப் பின்னால் நிம்மதியாக நடந்துகொண்டிருந்த 'சரசா பியூட்டி பார்லர் - பெண்களுக்கு மட்டும்' ஒரு நல்ல நாளில் காணாமல் போய், அதே இடத்தில் 'சாரா ஹேர் லவுஞ்ச்' முளைத்தது.

மாப்பிள்ளை அசோக் சேலத்துக்காரர். ஐ.டி. கம்பெனியில் வேலை. சரசாவின் மகள் காவ்யாவோடு அம்பத்தூரில் பதினோராவது மாடியில் குடியிருக்கிறார். அங்கிருந்து பார்ப்பதாலோ என்னவோ, எல்லாருடைய தொழிலும் அவருக்குச் சின்னதாகத் தெரியும். மாதம் ஒருமுறை முடி வெட்டிக்கொள்வதைத் தவிர இந்தத் தொழிலோடு அவருக்கு வேறு தொடர்பு கிடையாது. அதுவே போதும் என்று முடிவு செய்து, இருபத்தெட்டு ஸ்லைடு தயாரித்துக்கொண்டு வந்துவிட்டார்.

முதல் ஸ்லைடிலேயே திரைக்கு மரண தண்டனை.

"அத்தை, உள்ள என்ன நடக்குதுன்னு ரோட்டுல போறவங்களுக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தான் உள்ள வருவாங்க."

உள்ளே நடப்பது ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியாது என்பதற்காகத்தான் பதினாறு வருடமாகப் பெண்கள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். சரசாவுக்கு இது வாய்வரை வந்தது. அதற்குள் மாப்பிள்ளை காபியில் சர்க்கரை குறைவு என்றார். அதைக் கவனிக்கப் போனதில் இது விட்டுப்போயிற்று.

ஒரே மாதத்தில் எல்லாம் முடிந்தது. முகப்பு முழுக்கத் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. ஒரு சுவரில் பிளாஸ்டிக் புல். அதன் நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்ள இரண்டு வெள்ளை இறக்கைகள். டை பூசிக்கொண்டு காத்திருக்கும் நாற்காலிகளை ரோட்டைப் பார்த்துத் திருப்பிப் போட்டார் அசோக். காத்திருக்கும் நேரத்தில் வாடிக்கையாளருக்கு நல்ல வியூ வேண்டுமாம். வியூவில் இருந்தது பஸ் ஸ்டாப்.

முதல் வாரம் கல்லூரிப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். இறக்கைக்கு நடுவில் நின்றார்கள், படம் எடுத்தார்கள், ஏசியில் வியர்வை ஆறியதும் போய்விட்டார்கள். ஒருத்தியும் புருவம்கூடத் திருத்திக்கொள்ளவில்லை. அசோக் இதற்கு 'ரீச்' என்று பெயர் சொன்னார்.

இரண்டாம் வாரம்தான் வடிவு வந்தாள்.

வடிவு யார் என்று சொல்லியாக வேண்டும். ஊரின் பழைய குடும்பம். ஒரு காலத்தில் நெல் விளைந்த இடத்தில் இப்போது அவள் வீட்டுக்குச் சொந்தமாக ஒன்பது கடை விளைந்திருக்கிறது. அவள் எந்தப் பார்லருக்குப் போகிறாளோ அங்கேதான் அவளுடைய நாத்தனார்களும் ஓரகத்திகளும் போவார்கள். தை மாதம் மகள் சுவேதாவுக்குக் கல்யாணம். மணப்பெண் அலங்காரமும் வீட்டுப் பெண்கள் பதினான்கு பேருக்கு மேக்கப்பும் சரசாவுக்கு என்று எப்போதோ பேசியாகிவிட்டது. வடிவு கைவிட்டுப் போனால் ஊரே போன மாதிரி.

அந்த வடிவைத்தான், தலை நிறைய டை பூசி, கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் துணி கட்டி, மெயின் ரோட்டைப் பார்த்து உட்கார வைத்திருந்தாள் சரசா. மறுநாள் காலை வடிவு வந்தபோது செருப்பைக் கழற்றவில்லை.

"பஸ்ஸு வந்து நிக்குது. ஜன்னல் சீட்டுல யாரு? எங்க சம்பந்தியம்மா. அவங்க என்னப் பாக்கறாங்க, நான் அவங்களப் பாக்கறேன். தலையில தார் ஊத்திகினு ஒக்காந்துகீறேன்."

"அக்கா..."

"எங்க வம்சத்துல எவளுக்கும் நரைக்காதுன்னு பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே சொல்லிக்கீறேன் சரசா. அதுக்கு அந்தம்மா தன் முடியத் தடவிகினு, எங்களுக்கும் அப்டித்தான்னுச்சு. இப்ப எந்த மூஞ்ச வெச்சுகினு பத்திரிகை குடுக்கப் போவேன்?"

கல்யாண மேக்கப்பைப் பாடி பக்கத்துப் பார்லர்க்காரி ஒருத்தியிடம் கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது கண்ணாடிக் கதவை இழுப்பதற்குப் பதில் தள்ளி, அது திறக்காமல், கண்ணாடியையும் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போனாள். ஓரகத்திகள் அன்றைக்கே நின்றுவிட்டார்கள்.

சரசா மகளுக்குப் போன் செய்து, மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்லிப் பழைய திரையை மாட்டலாமா என்று கேட்டாள். மாப்பிள்ளை ஸ்பீக்கரில் வந்தார். புது மாற்றத்துக்கு வாடிக்கையாளர் பழக மூன்று மாதம் ஆகும் என்று பதினேழாவது ஸ்லைடில் இருக்கிறதாம். தை மாதத்துக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது என்பது எந்த ஸ்லைடிலும் இல்லை.

நான்கு நாள் கழித்துப் பார்லரின் பின்கதவு தட்டப்பட்டது. பின்பக்கச் சந்தில் ஒரு மாவு மில். மில்லைத் தாண்டித்தான் அந்தக் கதவுக்கு வர முடியும். குப்பை கொட்டுவதைத் தவிர யாரும் திறப்பதில்லை. திறந்தால், முக்காடு போட்ட ஒரு அம்மாள்.

"ஆவடியிலருந்து வர்றேன். பேரு பொன்னம்மாள். அன்னிக்கு பஸ்ஸுல போறப்ப எங்க சம்பந்தியம்மாவ உள்ள பாத்தேன்." முக்காட்டை விலக்கினார். வகிட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை. "அந்தம்மாவுக்கு என்ன போட்டீங்களோ அதையே போட்டுவிடுங்க. நான் வந்தது அவங்களுக்குத் தெரியவேணாம்."

ஆக, கண்ணாடி ஒரு வாடிக்கையாளரைப் பிடித்துக் கொடுத்துவிட்டது. மாப்பிள்ளை சொன்னது பலித்தது, அவர் சொன்ன வாசலில் இல்லை, அவ்வளவுதான்.

சரசா யோசித்தாள். ஒருத்தி தலையில் உள்ளதை இன்னொருத்தி காதில் போடுவது இந்தத் தொழிலில் மகாபாவம். பதினாறு வருடமாக அவள் அதைச் செய்ததில்லை. இப்போதும் செய்யப்போவதில்லை. பொன்னம்மாளைப் புதன்கிழமை பத்து மணிக்கு வரச்சொன்னாள். பிறகு வடிவுக்குப் போன் போட்டு, பழைய கோபத்தை மனதில் வைக்காமல் புதன்கிழமை சரியாகப் பதினொன்றரைக்கு, மில் சந்து வழியாக, ஒரே ஒரு தடவை வந்துபோகச் சொல்லிக் கெஞ்சினாள். வாயால் அவள் சொன்னது இவ்வளவுதான். மற்றதைக் கடிகாரம் சொல்லட்டும்.

புதன்கிழமை பதினொன்றரைக்குச் சரசா பின்கதவைத் திறந்து பொன்னம்மாளை வழியனுப்பினாள். சந்தில் வடிவு நின்றிருந்தாள். மில் இரைந்துகொண்டிருந்தது.

"வாங்க சம்பந்தி," என்றாள் வடிவு, நாக்கை எப்படியோ புரட்டி. "இன்னா இந்தப் பக்கம்?"

"மாவு அரைக்க வந்தேன்."

ஆவடியில் மில்லே இல்லாதது போலவும், பஸ் ஏறி வந்து அரைத்தால்தான் மாவு நைசாக வரும் என்பது போலவும் அந்த அம்மாள் சொன்னார். கையில் டப்பா இல்லை.

"நானுந்தான்," என்றாள் வடிவு. அவள் கையிலும் இல்லை.

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். பிறகு வடிவின் கண் மெதுவாக மேலே போய், பொன்னம்மாளின் இடது காது மடலில் நின்றது. கழுவியும் போகாத கறுப்பு, ஒரு பொட்டளவு.

"பத்திரிகை வெக்க வெள்ளிக்கெழம வர்றோம்," என்றாள் வடிவு. குரலில் தேன்.

"தாராளமா வாங்க," என்றார் பொன்னம்மாள், முக்காட்டைக் காதுவரை இழுத்துக்கொண்டே.

வடிவு பின் அறைக்குள் வந்து உட்கார்ந்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள்.

"பாடிக்காரிய வேணாம்னுடறேன். சுவேதாவுக்கு நீயே பண்ணு. பொம்பளைங்க அத்தினி பேரும் இந்தச் சந்து வழியாத்தான் வருவாங்க, சொல்ட்டேன்."

சொன்னபடியே வந்தார்கள். அடுத்த வாரமே சரசா இருபது எவர்சில்வர் மாவு டப்பா வாங்கிப் பின்கதவை ஒட்டி அடுக்கி வைத்தாள். வந்து போகிறவர்கள் ஆளுக்கொன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு போவார்கள், அடுத்த முறை கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். அதற்காகவே எல்லாரும் தவறாமல் மறுபடி வந்தார்கள்.

பொங்கலுக்கு வந்த அசோக், முன்பக்கம் காலியாக ஜொலித்த நாற்காலிகளையும், பின் அறையில் இடமில்லாமல் நின்றுகொண்டிருந்த பெண்களையும் பார்த்தார். கண்ணாடி நன்றாக வேலை செய்கிறது என்று தீர்ப்பு சொன்னார். சரசா தலையாட்டினாள். பிறகு டப்பாக்களைப் பார்த்து, இது என்ன என்றார்.

"வர்றவங்க எடுத்துட்டுப் போறதுக்கு, மாப்பிள்ளை."

அசோக்கின் முகம் பிரகாசமானது. இருபத்தொன்பதாவது ஸ்லைடு அங்கேயே பிறந்துவிட்டது.

"சூப்பர் அத்தை. ஒவ்வொரு டப்பாவிலயும் பெருசா நம்ம பார்லர் பேரைப் போட்டுடலாம். ஊரெல்லாம் தெரியும்."

தலையில் டையோடு ஏழு பெண்கள் சரசாவையே பார்த்தார்கள்.

"அது மட்டும் வேணாம் மாப்பிள்ளை," என்றாள் சரசா, மகளுக்குக் கல்யாணமாகி மூன்று வருடத்தில் முதல் முறையாக. பிறகு அவர் காபிக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாகவே போட்டாள்.