ஏறுமுகத்தில் ஆயில்

பெயின்டர் ஏணியில் நின்றபடி ஒர்க்‌ஷாப் போர்டில் 'அண்ணன்' என்று எழுதி முடித்து, அடுத்த வார்த்தைக்காகப் பிரஷ்ஷைத் தின்னரில் அலசிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்தா மெத்தைக்காரரின் குட்டி லாரி குபுகுபுவென்று உறுமிக்கொண்டு வந்து நிற்க வேண்டும்!

அடுத்த வார்த்தை 'தங்கை'. அதற்காகத்தான் அந்தத் தங்கை காலையிலிருந்து ஏணியையே சுற்றிச் சுற்றி வந்தாள். பல் முளைக்கும் வயதில் கைக்குக் கிடைத்த ஸ்பானரைக் கடித்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் ஸ்பானர். மெத்தைக்காரரின் லாரி டீசல் குடிக்காது. பெட்ரோல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பழைய இனம். அதன் இன்ஜின்தான் அவள் தனியாளாகப் பிரித்து மாட்டிய முதல் இன்ஜின். "புகார் இல்லாம ஓடட்டும். போர்டுல உன்னையும் எழுதிடறேன்" என்று அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தான். புகார் எதுவும் வரவில்லை. பெயின்டர் வந்துவிட்டார். இப்போது லாரியும் வந்துவிட்டது.

மெத்தைக்காரர் இறங்கினார். சொந்தமாக மெத்தை தைத்து விற்கும் இளைஞர். சட்டையில் எப்போதும் ஒரு துணுக்குப் பஞ்சு ஒட்டியிருக்கும். இன்றைக்கு மீசையிலும்.

"ஏங்க... ஒரு சின்ன விஷயம். இந்த ஆயில்..."

"குறையுதா?" ஸ்பானர் ஏணியை விட்டு ஓடி வந்தாள்.

"இல்லைங்க. கூடுது."

ஏணி குலுங்கியது. பெயின்டர் சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு படி இறங்கிவிட்டார். "எனக்கு மட்டும் அப்படி ஒரு வண்டி இருந்தா ரெண்டு வேளையும் கறந்து வித்திருப்பேன் தம்பி!"

ஸ்பானர் சிரிக்கவில்லை. பானெட்டைத் தூக்கி ஆயில் ஸ்டிக்கை உருவினாள். மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை உயரத்துக்கு ஆயில். தேன் போல வழிய வேண்டியது, தண்ணீர் மாதிரி சொட்டியது. முகர்ந்தாள். பெட்ரோல்.

அதற்குள் அண்ணன் பின்னால் வந்து நின்று அதையே முகர்ந்துவிட்டான்.

"பிஸ்டன் ரிங்கைத் தப்பா மாட்டியிருக்கே. பெட்ரோல் பிஸ்டன் ஓரமா வழிஞ்சு கீழ ஆயில்ல சேருது. இப்படியே ஓடினா பேரிங் தேஞ்சு மொத்த இன்ஜினும் காலி. பிரி மறுபடியும்! பெயின்டரே, பிரஷ்ஷைக் கழுவி வைங்க."

"அண்ணா, அது பெயின்டரோட தின்னர் வாசனையா இருக்கும்!"

"என் தின்னரை எதுக்கும்மா வம்புக்கு இழுக்கறே?" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "நான் பாட்டுக்கு உயரத்துல இருக்கேன்."

உதிரிபாகக் கவுன்டரில் உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்து வந்தாள். ஸ்டிக்கைப் பிடுங்கிக்கொண்டு, தின்னர் வாசனை எட்டாத தெருமுனை வரை நடந்தாள். அங்கே மூச்சை நன்றாக இழுத்து முகர்ந்தாள். திரும்பி வரும்போது நடை கொஞ்சம் கோணியிருந்தது.

"பெட்ரோல்தான். தலைசுத்தல் இலவசம்."

ஸ்பானர் விடுவதாக இல்லை. ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து அதில் புது ஆயில் ஒரு சொட்டும் லாரி ஆயில் ஒரு சொட்டும் வைத்தாள். புது ஆயில் வைத்த இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்தது. லாரி ஆயில் பரந்து விரிந்து, சுற்றிலும் வெளிறிய வளையம் கட்டியது. சந்தேகமே இல்லை, கலப்படம். ஆனால் எந்த வழியாக உள்ளே போனது?

ஸ்பார்க் பிளக்குகளைச் சாவியால் தளர்த்தி, வெறுங்கையால் கழற்றி வரிசையாக வைத்தாள். அந்த ஓட்டைகளில் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை மாட்டி, இன்ஜினைச் சுற்றவிட்டாள். ஒவ்வொரு சிலிண்டரிலும் முள் எகிறிக் குதித்து நின்றது. அண்ணன் நம்பாமல் தானே ஒருமுறை பார்த்தான். முள் அவனுக்கும் அதையே சொன்னது. ரிங் வழியாக எதுவும் கசியவில்லை. பெட்ரோல் பம்பைக் கழற்றி உள்ளிருக்கும் ரப்பரை வெளிச்சத்தில் பிடித்தாள். ஊசி முனை அளவு கிழிசல்கூட இல்லை. அந்த வழியாகவும் பெட்ரோல் இறங்கவில்லை.

மிச்சம் பிளக்குகள்தான். எல்லாம் கரியில் புரண்டு எழுந்தவை போல இருந்தன.

"கார்புரேட்டர்!" என்றான் அண்ணன். "அளவுக்கு மேல பெட்ரோல் விடுது. அதையும் நீதான் மாட்டினே!"

பெயின்டர் பெருமூச்சு விட்டார். "அப்போ நான் இறங்கட்டுமா?"

"அங்கேயே நில்லுங்க" என்றாள் ஸ்பானர். அவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெத்தைக்காரரிடம் திரும்பினாள்.

"இப்ப எங்கிருந்து வர்றீங்க?"

"வெளியூருங்க. லோடு இறக்கிட்டு, அப்படியே இந்தப் பக்கமா..."

"வெளியூர்ல இருந்து ஓடி வந்த இன்ஜின்ல வெறுங்கையால பிளக்கைக் கழட்டியிருக்கேன். கை வெந்திருக்கணும். கொப்புளம் எங்க?"

மெத்தைக்காரர் மீசைப் பஞ்சைத் தேடிப் பிய்த்தார்.

அவள் கேபினுக்குள் ஏறினாள். குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் விடும் சோக் குமிழ் பாதி இழுத்தபடி நின்றது. "இது ஏன் வெளிய இருக்கு? ஸ்டார்ட் பண்றப்ப மட்டும் இழுக்கணும், வண்டி கிளம்பினதும் உள்ள தள்ளிடணும்னு சொன்னேனே! தலையாட்டினீங்களே!"

"சொன்னீங்க."

"புரியலையா?"

"நல்லாப் புரிஞ்சுதுங்க."

"அப்புறம்?"

அண்ணிக்கு இதற்கு மேல் பொறுக்கவில்லை. "நான் சொல்றேன். இவர் இந்த வண்டியில லோடே ஏத்தறதில்ல. எங்க அம்மா வீட்டுக்கு மெத்தை வாடகை வேன்லதான் வந்துச்சு. லாரி வேற வேலையா இருக்குன்னாங்க. என்ன வேலைன்னு நான் கவுன்டர்ல இருந்து தினமும் பார்க்கறேனே! அடுத்த தெருவுல இருந்து நம்ம வாசல். வாசல்ல இருந்து அடுத்த தெரு."

மெத்தைக்காரரின் காது மடல்கள் சிவந்தன.

"சோக்கைத் தள்ளிட்டா வண்டி பூனை மாதிரிப் போயிடுதுங்க. நீங்க திரும்பியே பார்க்க மாட்டேங்கறீங்க. ஒரு நாள் மறந்துபோய் இழுத்தபடியே வந்துட்டேன். குபுகுபுன்னு சத்தம் கேட்டதும், வேற வண்டிக்கு அடியில படுத்திருந்தவங்க எழுந்து ஓடி வந்து பார்த்தீங்க. என்னை... அதாவது, வண்டியை. அதுக்கப்புறம் தள்ள மனசே வரலை."

பிரஷ்ஷிலிருந்து ஒரு சொட்டு நீலம் அண்ணனின் தோளில் விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை.

ஸ்பானருக்கு முதலில் கோபம்தான் வந்தது. வாயைத் திறந்தாள், வெளியே வந்தது சிரிப்பு. ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். ஹாரன் அமுங்கி அதுவும் சேர்ந்து அலறியது.

"அட மனுஷா! அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, நான் பண்ணின ட்யூனிங்தான் தப்போன்னு எனக்குத் தூக்கமே போச்சு!"

"எனக்கும்தாங்க."

"உங்களுக்கு எதுக்கு?"

"மெத்தை சரியில்லையாம்" என்றாள் அண்ணி.

அண்ணனுக்கு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. "அப்போ கார்புரேட்டர்?"

"அது தங்கம் அண்ணா. இழுத்த சோக், சூடே ஏறாத இன்ஜின். பாதிப் பெட்ரோல் எரியாம கீழ இறங்கிடுது. என் வேலையில குத்தம் இல்ல. குத்தவாளி அதோ, பஞ்சோட நிக்கறார்."

பழைய ஆயிலை இறக்கிப் புது ஆயில் ஊற்றினாள். ஃபில்டரையும் மாற்றினாள். பிளக்குகளைத் துடைத்து மாட்டினாள். அண்ணன் கேட்காமலேயே டார்ச் பிடித்தான். அது அவன் பாணி மன்னிப்பு.

"இனிமே தினமும் இன்ஜின் நல்லா சூடாகற மாதிரி நீளமா ஓட்டணும்."

"தனியாவாங்க?" மெத்தைக்காரர் மெத்தைக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்டார்.

ஸ்பானர் கையைத் துடைத்துக்கொண்டாள். "புது ஆயில் போட்டதும் முதல் ஓட்டத்துக்கு மெக்கானிக் கூட வரணும். அது ஒர்க்‌ஷாப் வழக்கம்."

"எந்த ஒர்க்‌ஷாப்ல?" என்றான் அண்ணன்.

"அண்ணன் தங்கை ஒர்க்‌ஷாப்ல" என்று அவள் போர்டைக் காட்டினாள்.

அண்ணன் அவளைப் பார்த்தான். லாரியைப் பார்த்தான். தோளிலிருந்த நீலத்தையும் கடைசியில் பார்த்துவிட்டான். "எழுதுங்க பெயின்டரே."

பெயின்டர் தயங்கினார். "எழுதறதுக்கு எனக்கென்ன? ஆனா போற போக்கைப் பார்த்தா தங்கச்சி சீக்கிரமே அடுத்த தெருவுக்குக் குடிபோயிடும் போலிருக்கே. பெயின்ட் வீணாகாதா?"

"தைரியமா எழுதுங்க" என்றாள் ஸ்பானர், கேபினில் ஏறியபடியே. "அடுத்த தெருதானே? நடந்தே வேலைக்கு வந்துடுவேன். வண்டியில வந்தா ஆயில் கெட்டுடும்."

அவளே கை நீட்டிச் சோக்கை உள்ளே தள்ளினாள். லாரி சத்தமே இல்லாமல் நழுவி, அடுத்த தெருவுக்குத் திரும்பாமல், நேராக ஊருக்கு வெளியே போகும் சாலையைப் பிடித்தது.