அகலக் கழுத்தும் ஒல்லிக் கழுத்தும்

என் அக்கா டெர்ஹியின் பேஸ் கிதார் உடைந்ததற்குக் காரணம் நான். மே மாதம், ஒரு மத்தியானக் கல்யாணத்தில் வாசித்துவிட்டு எங்கள் ஊரான டாம்பரேவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வேனை ஓட்டியது இல்போ. குறுக்கே ஒரு முயல் ஓட, அவன் பிரேக்கை மிதிக்க, பின்னால் நான் கட்டிவைத்திருந்த முப்பது கிலோ ஒலிபெருக்கியான ஆம்ப் சரிந்து கிதார் உறைமேல் விழுந்தது. திறந்து பார்த்தால் கழுத்து இரண்டாகப் பிளந்திருந்தது. இருபத்து மூன்று வருடம் அவள் வாசித்த கிதார். பழைய ஜப்பான் தயாரிப்பு. அந்த மாடல் இப்போது வருவதே இல்லை.

அக்கா கத்தவில்லை. "கயித்த நீயாடா கட்டினே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

எங்கள் ராக் குழுவில் மூன்றே பேர். நான் டிரம்ஸ். என் பள்ளித் தோழன் இல்போ கிதார் வாசித்துப் பாடுவான். அக்கா பேஸ். பகலில் நான் டிராம் ஓட்டுகிறேன், இல்போ கூரை வேலை செய்கிறான், அக்கா பல் கட்டும் லேபில் இருக்கிறாள். நடுக்கோடை விழாவுக்குக் கங்கசலா ஏரிக்கரையில் வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தோம். அதற்கு ஐந்து வாரம் இருந்தது.

மறுநாளே நானும் அக்காவும் பழைய கிதார் விற்கும் ரைமோவின் கடைக்குப் போனோம். விஷயத்தைக் கேட்டதும் ரைமோ, "ராக்குக்குத்தானே? அப்ப பிரெசிஷன். கேள்வியே இல்ல" என்றான்.

"நான் இன்னும் கேள்வியே கேக்கல ரைமோ" என்றாள் அக்கா.

அவன் சிரித்துக்கொண்டே இரண்டு கிதார்களை எடுத்து வைத்தான். இரண்டுமே பழையவை, ஒரே விலை. பிரெசிஷன் மாடலில் உடம்பின் நடுவே தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் ஒரே பிக்கப், இரண்டு குமிழ். முறுக்கினால் கனமாக ஒரு சத்தம், அதற்குமேல் அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. கழுத்து அகலம். இன்னொன்று ஜாஸ் மாடல். பெயர்தான் ஜாஸ், ராக் குழுக்களிலும் ஏராளமானவர்கள் அதைத்தான் வாசிக்கிறார்கள். இரண்டு பிக்கப், மூன்று குமிழ், தலைப்பக்கம் ஒல்லியாக இறங்கும் கழுத்து. அக்கா முதலில் ஜாஸை மடியில் வைத்து அரை மணி நேரம் வாசித்தாள். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக விழுந்தது. பிறகு பிரெசிஷனை எடுத்துப் பத்து நிமிடத்தில் வைத்துவிட்டாள்.

"கடையில தனியா வாசிச்சா எல்லாமே நல்லாத்தான் இருக்கும்" என்றான் ரைமோ. "ரெண்டையும் ஒரு வாரம் எடுத்துட்டுப் போ. குழுவோட வாசிச்சுப் பாரு."

என் குடியிருப்பின் அடியில் உள்ள போர்க்காலப் பதுங்கறையில்தான் எங்கள் ஒத்திகை. சுவர் அரை மீட்டர் கனம் என்பதால் மேலே யாரும் புகார் சொன்னதில்லை. முதலில் ஜாஸ். இல்போ தன் ஆம்பை வழக்கம்போல முழுசாகத் திறந்து வைத்திருந்தான். இரண்டாவது பாட்டு முடிந்ததும் திரும்பிப் பார்த்தான்.

"என்ன டெர்ஹி, ஆளு மட்டும் வந்திருக்கே? சத்தம் அடுத்த பஸ்ஸுல வருதா?"

"உன் காதுல கூரைத் தார் அடைச்சிருக்கு."

ஆனால் அவன் சொன்னது உண்மை. டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கும் அவள் வாசித்தது கேட்கவில்லை. விரல் ஓடுவது தெரிந்தது, அவ்வளவே.

பிரெசிஷனை மாட்டிக்கொண்டு முதல் சுரத்தை அவள் தட்டியபோது தரையில் இருந்த காபிக் கோப்பை நகர்ந்தது. இல்போவின் கிதார் எவ்வளவு அலறினாலும் அதற்குக் கீழே அந்தச் சத்தம் அசையாமல் நின்றது. நான் ஒன்றுமே செய்யாமல் என் அடி சரியாக விழுந்தது. எல்லாவற்றையும் என் போனில் பதிவு செய்தேன்.

"இதுதான் பேஸ்!" என்று கத்தினான் இல்போ. "நெஞ்சுல யாரோ கைய வெச்சுத் தள்ளுறாப்ல இருக்கு. அந்த ஒல்லிக்குச்சிய நாளைக்கே திருப்பிக் குடுத்துரு."

நான்கு பாட்டு முடிந்து காபி குடிக்க உட்கார்ந்தோம். அக்கா ஃபிளாஸ்க்கை இரண்டு முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, வலது கையால் மட்டும் மூடியைத் திருகினாள். இடது கையை ஸ்வெட்டருக்குள் வைத்திருந்தாள். இல்போ தந்தி மாற்றிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

அவளை வீட்டில் விடப் போகும்போது, "கையக் காட்டுக்கா" என்றேன்.

"ரோட்டப் பாத்து ஓட்டு. ஏற்கெனவே ஒரு கிதார் போச்சு."

நான் விடவில்லை. கடைசியில் சொன்னாள். கட்டைவிரல் அடிமூட்டு தேய்ந்துவிட்டதாம். மருத்துவர் சொல்லி ஒரு வருடம் ஆகிறதாம். பழைய கிதாரின் கழுத்து ஒல்லி என்பதால் சமாளித்திருக்கிறாள். அகலக் கழுத்தில் கட்டைவிரலைப் பின்னால் கொடுத்து விரிக்கும்போது ஊசி குத்துவதுபோல் இருக்கிறதாம்.

"இருபது வருஷமா ஒரு கையில பல்லப் புடிச்சுக்கிட்டு ஒரு கையில ராவிட்டிருந்தா வேற எது தேயும்?"

"இல்போகிட்ட சொல்லிரலாமே."

"சொன்னா பாவம் பாப்பான். அவன் பாவம் பாத்தான்னா பாட்டு வேகம் கொறஞ்சிரும். நீ வாயத் தொறக்காதே."

எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் பொய். தூங்கினேன். ஆனால் காலையில் டிராம் ஓட்டும்போதெல்லாம் அந்தக் கயிறுதான் நினைவில் நின்றது. இன்னொரு சுற்று சுற்றிக் கட்டியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

புதன்கிழமை ஒத்திகைக்கு அவள் பிரெசிஷனோடு வந்தாள். ஜாஸ் உறைக்குள்ளேயே இருந்தது. மூன்றாவது பாட்டின் நடுவில் பேஸ் நின்றது. நான் இரண்டு அடி அடித்துவிட்டு நிறுத்தினேன். இல்போ அதற்குப் பிறகும் பாடிக்கொண்டிருந்துவிட்டுத்தான் திரும்பினான். அக்காவின் கட்டைவிரல் உள்பக்கமாக மடங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை வலது கையால் மெல்ல இழுத்து நிமிர்த்தினாள்.

"மூட்டு தேஞ்சுபோச்சு" என்றாள் இல்போவிடம். "இத வாசிச்சா உனக்கு ரெண்டு பாட்டு கெடைக்கும். அத வாசிச்சா இன்னும் சில வருஷம் கெடைக்கும். எது வேணும்னு நீயே சொல்லு."

இல்போ ஆம்பின் மேல் உட்கார்ந்தான். "ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீ சத்தத்தப் பத்தி மட்டும்தானே கேட்டே."

அவன் எழுந்து போய் ஜாஸை உறையிலிருந்து எடுத்து, அவள் தோளில் தானே மாட்டிவிட்டான். "சரி. எப்படிக் கேக்க வைக்கிறதுன்னு பாப்போம்."

இரண்டரை மணி நேரம் பிடித்தது. அக்கா கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பின் குமிழைக் குறைத்து, தந்திகள் முடியும் பாலத்துப் பக்கத்துப் பிக்கப்பை முழுசாக வைத்தாள். சத்தம் சுருங்கினாலும் உறைப்பு வந்தது. நான் கால் டிரம்மின் அதிர்வு அடங்க அதற்குள் இன்னொரு போர்வையைத் திணித்தேன். ஆனாலும் இல்போவின் ஆம்ப்தான் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அவன் அடிச்சத்தத்தைக் குறைத்தான். அக்கா இன்னும் என்றாள். குறைத்தான். இன்னும் என்றாள்.

"என் கிதார் தகர டப்பா மாதிரி கேக்குது!"

"எங்களுக்கு இத்தன வருஷமா அப்படித்தான் கேட்டுச்சு" என்றேன் நான். அவன் டிரம் குச்சியை எடுத்து என்மேல் எறிந்தான்.

அதற்கடுத்த பாட்டில் அவள் வாசித்தது எனக்குக் கேட்டது. கடைசியில் அவள் மேலே ஏறி இறங்கும் ஒரு சின்ன ஓட்டம் உண்டு. அவள் அதைப் பல வருடங்களாக வாசித்து வருகிறாளாம். நான் அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன்.

பிரெசிஷனைத் திருப்பிக் கொடுக்கப் போனது நான். ரைமோ புருவத்தை உயர்த்தினான். "ராக்குக்கு ஜாஸா?"

"அவ கைக்கு ஜாஸ்" என்றேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. போனில் இருக்கும் பிரெசிஷன் பதிவையும், அன்று சரிசெய்த பிறகு எடுத்த ஜாஸ் பதிவையும் பலமுறை கேட்டேன். பிரெசிஷனில் வாசித்ததுதான் இன்னும் நன்றாக இருக்கிறது. இல்போவுக்கும் அது தெரியும். அக்காவுக்கும் தெரியும். மூன்று பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

கங்கசலாவில் மாலை ஆறு மணிக்கு மேடை ஏறினோம். வெயில் கண்ணில் அடித்தது, ஏரியிலிருந்து கொசு வந்தது. ஐம்பது, அறுபது பேர் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். நான்காவது பாட்டில் உற்சாகம் தலைக்கேறி இல்போ தன் ஆம்பின் குமிழை மளமளவென்று திருப்பினான். அக்கா வாசித்தபடியே அவன் பக்கமாக நடந்தாள். இரண்டு கையும் தந்தியில் இருந்ததால் காலைத் தூக்கி, பூட்ஸ் நுனியால் அந்தக் குமிழைத் திருப்பப் பார்த்தாள். முடியவில்லை. மறுபடி தூக்கினாள். கூட்டம் சிரித்தது. பாடிக்கொண்டிருந்த இல்போ ஒரு வரியை விட்டுவிட்டு, தானே குனிந்து குறைத்தான்.

முடிந்து இறங்கியதும் மேடைக்குப் பின்னால் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். இல்போ இரண்டு தட்டு வாங்கி வந்தான். அக்கா இடது கையைத் தண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"வலிக்குதா?" என்று கேட்டான்.

"வலிக்குது. சாசேஜுக்குக் கடுகு சாஸ் எங்கே?"

அவன் கடுகு சாஸ் வாங்கத் திரும்பி நடந்தான்.