தம்பியின் நடை

சத்துணவுக் கூடத்தில் பதினெட்டு வருஷமாக அடுப்பு பற்றவைக்கும் சம்பூர்ணம், தனக்கென்று லீவு கேட்டது இரண்டே முறை. மகன் ஜெபகுமாரை அடக்கம் செய்த வாரம் ஒன்று. மகள் எஸ்தர் செய்த வீடியோ கேமின் இரண்டாம் பாகம் வெளியான வியாழக்கிழமை மற்றொன்று.

"புள்ள திரும்பி வர்றான்னு ஊரே சொல்லிக்கினு இருக்குது, நான் அங்க சாம்பார் கிண்டிக்கினு நிக்கறதா?" என்று காலையிலேயே தலைக்கு ஊற்றி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கட்டும் சேலையைக் கட்டி, டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஊரே என்றால் அவர்கள் இருக்கும் திருப்புட்குழி இல்லை. எஸ்தரின் கூட்டாளி ஸ்நேஹா யூடியூபில் கொடுத்த ஒரு பேட்டிதான். எஸ்தர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தம்பி திரும்பி வருவது உண்மை. நொண்டாமல் வருகிறான் என்பதை மட்டும் அவள் அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜெபகுமாருக்குப் பிறவியிலேயே வலது கால் கட்டை. இடது காலை ஊன்றினால் தொப்பென்று ஒரு சத்தம், கொஞ்சம் பொறுத்து வலது காலை இழுக்கும்போது சர்ரென்று ஒரு சத்தம். தெருமுனையில் அது கேட்டாலே சம்பூர்ணம் தட்டில் சோற்றைப் போட்டுவிடுவாள். ஊர்ப் பிள்ளைகள் 'டேய் நொண்டி' என்பார்கள்; பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். அவனுடைய பத்தொன்பதாவது வயதில் ஒரு நாள் அக்காவும் தம்பியும் காஞ்சிபுரம் போகப் பெங்களூர் ரோட்டுக்கு வந்தார்கள். எதிர்ப்பக்கம் பஸ் வந்து நின்றது. எஸ்தர் ஓடினாள். நடுத்திட்டைத் தாண்டி, பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "சீக்கிரம் வாடா" என்று கையை ஆட்டினாள். அவன் வந்தான். லாரியும் வந்தது.

யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை, வாங்கிக் கட்டிக்கொண்டு அழுது தீர்த்திருக்கலாம்.

கேட்காத அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் எஸ்தர் 'கூட வா' என்ற விளையாட்டைச் செய்தாள். வெள்ளம் சூழ்ந்த நிலத்தில் ஓர் அக்காவும் தம்பியும் கரையைத் தேடிப் போகிறார்கள். ஏரிக்கரை, கூரை, பனைமரத் தலை என்று தாவித் தாவிப் போக வேண்டும். தாவுகிற விளையாட்டுகள் ஆயிரம் கிடக்கின்றன. எல்லாவற்றிலும் ஓடுகிறவனுக்குத்தான் மதிப்பு. இதில் மட்டும் நிற்கிறவளுக்கு மதிப்பு. தம்பி தாங்கித் தாங்கித்தான் வருவான். அக்கா ஒவ்வொரு விளிம்பிலும் நின்று, ஒரு பொத்தானை அழுத்திப் பின்னால் கையை நீட்ட வேண்டும். அவசரப்பட்டுத் தாவினால் அவன் தண்ணீரில் விழுவான். கடைசிக் கட்டத்தில் அவனால் தாண்டவே முடியாத ஒரு பள்ளம் வரும். எவ்வளவு நேரம் கையை நீட்டினாலும் அவன் வரமாட்டான். நீ போ என்று தலையை ஆட்டுவான். போனில் எடுத்து வைத்திருந்த பழைய வீடியோ ஒன்றைப் பார்த்துப் பார்த்து, அந்த நடையையும் சத்தத்தையும் எஸ்தர் அப்படியே இறக்கியிருந்தாள்.

படங்களெல்லாம் ஸ்நேஹா வரைந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை; தாமல் ஏரியின் சாயங்கால வெளிச்சத்தை அவளைப் போல யாரும் வரைய முடியாது. சின்ன காஞ்சிபுரத்தில் கோயில் கைங்கரியக் குடும்பம். அவர்கள் வீட்டு மாடி அறைதான் ஆபீஸ். வெளிப்பக்கமாக இரும்புப் படி ஒன்று இருந்தது. ஆறு வருஷமாக எஸ்தர் அதில்தான் ஏறி இறங்கினாள். கூடத்து வழியாக வராதே என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. ஆனால் மேடைகளில் ஸ்நேஹா "எங்க தம்பி" என்று சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கும், அதுவும் பொய்க் கலக்கம் இல்லை. அதுதான் எஸ்தருக்கு எரிச்சல். பொய் என்றால் திட்டிவிடலாம்.

முதல் பாகம் உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்களை அழவைத்தது. அதை ஒருபோதும் முடிக்காதவள் சம்பூர்ணம் ஒருத்திதான். தினமும் சத்துணவுக் கூடத்திலிருந்து வந்ததும் மூன்றாவது கட்டத்தைத் திறப்பாள். ஏரிக்கரையில் அக்காவை நாலடி நடக்கவைத்து நிறுத்துவாள், கையை நீட்டுவாள், தொப், சர்ர், தொப், சர்ர் என்று அவன் வந்து சேர்வதைக் கேட்பாள். மறுபடி நாலடி. கடைசிக் கட்டத்தின் பக்கமே போகமாட்டாள். "அங்க போனா அவன் போயிடுவான், எனுக்குத் தெரியும்" என்பாள்.

இப்படியிருக்க, இரண்டாம் பாகம் வேண்டும் என்று எல்லாரும் கேட்டார்கள். எஸ்தரிடம் ஒரு யோசனை இருந்தது. அக்கா தனியாக அதே வழியில் திரும்பிப் போகிறாள். அதே கூரைகள், அதே கரை, தண்ணீர் மட்டும் வற்றியிருக்கிறது. காத்திருக்க ஆள் இல்லை. ஆனாலும் விளையாடுகிறவரின் விரல், பழக்க தோஷத்தில், விளிம்புக்கு விளிம்பு அந்தப் பொத்தானைத் தேடும். அழுத்தினால் கை நீளும். யாரும் பிடிக்கமாட்டார்கள்.

"முதல் பாகம் வலிச்சது நிஜம்னா, ரெண்டாவதுலயும் அது வலிக்கணும் ஸ்நேஹா. இல்லன்னா ரெண்டாவது எதுக்கு? முதல்ல கேக்க முடியாத கேள்விய இதுல கேக்கணும். அதுக்குத்தான் ஒருத்தர் மறுபடியும் வந்து உக்காருவாங்க."

ஸ்நேஹா பொறுமையாகத்தான் கேட்டாள். "கேக்க நன்னா இருக்கு எஸ்தர். ஆனா எல்லாரும் ஒரு தடவை அழுதாச்சு. திரும்ப அழறதுக்கு யார் வருவா? மெசேஜ் படிக்கறியோ இல்லையோ, எல்லாரும் ஒரே ஒரு விஷயம்தான் கேக்கறா. அவன் திரும்பி வரணும்."

"செத்தவன் எப்படி வருவான்?"

"நாமதானே பண்றோம்? வரவழைக்க முடியாதா?"

வரவழைத்தார்கள். பெரும்பாலானவர்கள் பக்கம்தானே நியாயம்? பளபளவென்று கோபுரங்கள், கோயில் பல்லிகள் பறக்கும் தங்க வானம், தாமரைக் குளத்தின் மேல் மிதக்கும் மண்டபங்கள் என்று ஸ்நேஹா வரைந்து தள்ளினாள். முகூர்த்தப் பட்டு தோற்றுவிடும். அந்த அழகுக்குள் தம்பியை நடக்கவிட்டபோதுதான் வம்பு வந்தது. முன்கூட்டியே விளையாடிப் பார்க்க இருபது பேரை அமர்த்தியிருந்தார்கள். அதில் பதினேழு பேர் ஒரே குறையை எழுதினார்கள். கட்டங்கள் வேகமாக இருக்கின்றன, தம்பி பின்தங்குகிறான், இது பிழை.

நாலு மாசம் எஸ்தர் மல்லுக்கு நின்றாள். அது பிழை இல்லை, அவன் நடை என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது.

"ஒரு தடவைதான் எல்லாரும் காத்திருப்பா, எஸ்தர். ரெண்டாம் தடவை யாரும் யாருக்காகவும் நிக்கமாட்டா" என்றாள் ஸ்நேஹா. "அவன் ஸ்வர்க்கத்துலேர்ந்து வரான். அங்கே கூடவா கால் சரியாகியிருக்காது? உங்க பைபிள்லயே முடவன் எழுந்து நடக்கறான் இல்லையோ?"

அதற்கு எஸ்தரிடம் பதில் இருந்தது. சொல்லத் தெம்பு இல்லை. கடைசி நாள் சாயங்காலம், கீழே சந்நிதித் தெருவில் பெருமாள் புறப்பாட்டுக்கு மேளம் ஆரம்பித்துவிட்டது. ஸ்நேஹா மடிசார் கட்டிக்கொண்டு, கதவில் ஒரு கையை வைத்தபடி நின்றாள். இன்னும் பத்து நிமிஷத்தில் தெருவை அடைத்துவிடுவார்கள். எஸ்தருக்கு ஐந்து நாற்பது பஸ். அதை விட்டால் ஒன்றேகால் மணி நேரம் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். அவள் உட்கார்ந்தாள், தம்பியின் காலை நேராக்கினாள். வேலை ஏழு நிமிஷம்கூட இல்லை. நாலு மாசச் சண்டை, ஏழு நிமிஷ வேலை, அதுவும் பஸ்ஸுக்காக!

எஸ்தருக்கு ஒரு வேலைப் பழக்கம் உண்டு. எதையும் இரண்டு முறை எழுதமாட்டாள். ஒரே டிசைனில் இரண்டு தறி ஓடுகிற மாதிரி, தம்பியின் நடையை ஓரிடத்தில் எழுதி இரண்டு பாகத்துக்கும் பொதுவாக வைத்திருந்தாள். அன்றைக்கு முதல் பாகத்திலும் சின்ன வேலை ஒன்று இருந்தது. முகப்பில் 'இரண்டாம் பாகம் வருகிறது' என்று ஒரு பலகை மாட்ட வேண்டும். அதையும் கையோடு முடித்தாள். அனுப்பும் முன், என்ன மாற்றம் என்று கம்ப்யூட்டர் ஒரு வரி கேட்டது. எழுதினாள். அதே வரியை இரண்டு பாகத்துக்கும் ஒட்டினாள். இரண்டையும் அனுப்பினாள். பையைத் தூக்கிக்கொண்டு இரும்புப் படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள். பஸ் கிடைத்தது.

அந்த ஓட்டம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. இப்போது சம்பூர்ணம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டாம் பாகத்தைத் திறந்தாள். வந்த விமர்சனங்கள் எல்லாம் தலையில் தூக்கிவைத்து ஆடிக்கொண்டிருந்தன. முதலாவதைவிட எல்லா விதத்திலும் மேல் என்றார்கள். பெயர் தெரியாத யாரோ ஒருவர் மட்டும் காலையில் இப்படி எழுதியிருந்தார்: 'அழகாக இருக்கிறது. ஆனால் எங்கும் யாருக்காகவும் நிற்கவே வேண்டியதில்லை. முடித்த பிறகு ஒன்றும் நினைவில் இல்லை.' அந்த ஒருவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல எஸ்தருக்கு இருந்தது.

தங்க வானம் திறந்தது. தாமரைக்குளத்தின் நடுவே இருந்து தம்பி எழுந்தான். சம்பூர்ணத்தின் வாய் லேசாகத் திறந்தது. அவன் ஓடி வந்தான். டப் டப் டப் டப் என்று ஒரே சீராக, கண்ணிமைக்கும் நேரத்தில் அக்காவின் பக்கத்தில் வந்து நின்றான்.

சம்பூர்ணம் அக்காவை நாலடி நடக்கவைத்து நிறுத்தினாள். கையை நீட்டினாள். அவன் ஏற்கெனவே பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். திரும்பவும் செய்து பார்த்தாள். காதைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"யார் ஊட்டுப் புள்ளம்மா இது?" என்றாள்.

"மா..."

"நல்லாத்தான் இருக்கறான். ராஜா மாதிரி இருக்கறான். நம்ம புள்ள எங்க?"

விளையாடினவங்களுக்குக் கஷ்டமாக இருந்தது, அதனால் மாற்றினோம் என்று எஸ்தர் ஏதோ முனகினாள். சம்பூர்ணம் சண்டை போடவில்லை. போகட்டும் என்பதைப் போலத் தலையை ஆட்டிக்கொண்டு அதை மூடினாள். "இது உங்க ஆபீஸுது. எனுக்கு என்னோட பழசு இருக்குது, அது போதும்" என்று முதல் பாகத்தைத் தொட்டாள்.

அந்த நொடியில்தான் எஸ்தருக்கு உறைத்தது. "மா, அத இப்ப தொறக்காத" என்று கையை நீட்டினாள். ஒரு வாரமாக நெட் போடாதிருந்த டேப்லெட், காலையில் இரண்டாம் பாகத்தை இறக்கியபோதே பழையதையும் தானாகப் புதுப்பித்துவிட்டிருந்தது. மூன்றாவது கட்டம் திறந்தது. தாமல் ஏரிக்கரை, பழைய வெளிச்சம், பழைய பனைமரங்கள். அக்கா நாலடி நடந்தாள். பின்னாலேயே டப் டப் டப் டப் என்று அவன் வந்தான்.

சம்பூர்ணம் மெதுவாக விளையாட்டிலிருந்து வெளியே வந்து, புதிதாக ஏதோ எழுதியிருந்த இடத்தைத் தொட்டாள். வேதாகமம் வாசிக்கும் அதே குரலில், விரலை வரியின் மேல் நகர்த்தி, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தாள்.

"தம்பியின்... நடையில் இருந்த... குறை... சரி செய்யப்பட்டது." நிமிர்ந்தாள். "இத யாரு எழுதனது?"

ஸ்நேஹா என்று சொல்ல ஒரு கணம் ஆசை வந்தது. அத்தனை பெரிய ஆசை அவளுக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

"நான்தாம்மா."

வெளியே ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எஸ்தர் அழ ஆரம்பித்திருந்தாள். "பழசு பத்திரமா இருக்குதுமா. எங்கயும் போவல. இப்பவே ஆபீஸுக்குப் போறேன், அரை மணி நேரத்துல பழைய மாதிரி ஆக்கிடறேன், எல்லாருக்குமே ஆக்கிடறேன்" என்று எழுந்து பையை எடுத்தாள். செருப்பை மாட்டக் காலை நீட்டினாள்.

"எதுக்கு?" என்றாள் சம்பூர்ணம். குரலில் கோபம் இல்லை. இத்தனை வருஷமாக உள்ளேயே வைத்திருந்து பழகிய குரல். டேப்லெட்டின் உறையை மூடி மடியில் கவிழ்த்து வைத்தாள். "உடு. அவன் ஓடியே வரட்டும். உனுக்குத்தான் எப்பவும் நிக்கறதுக்கு நேரம் இருக்காதே."