ஐந்தாம் வீட்டின் இறக்கம்

கோட்டைக்குள் அதிகாரிகளுக்கு ஒன்பது வீடுகள். மூத்த அதிகாரி ஒருவர் புதிதாக வந்தால், தமக்குக் கீழே உள்ள எவருடைய வீட்டையும் கைகாட்டிக் கேட்கலாம். வீட்டை இழந்தவர் தமக்குக் கீழே உள்ளவருடைய வீட்டுக்குப் போவார். அவர் அதற்கும் கீழே. இதற்குக் கோட்டையில் இறக்கம் என்று பெயர். இருநூறு வருடமாக நடக்கிறது, யாரும் செத்துப்போய்விடவில்லை. செத்தவர்களும் திரும்பி வந்து வீடு கேட்பார்கள், அது வேறு விஷயம்.

செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு மேஜர் பார்லோ துரை பல்லக்கில் வந்து இறங்கினார். ஐந்தாம் வீட்டை அவர் காலராவில் காலி செய்து நூற்று எழுபது வருடம் ஆகியிருந்தது. அத்தனையும் சர்வீஸில் சேரும். கைத்தடியால் ஐந்தாம் வீட்டைக் காட்டினார்.

அங்கே குடியிருந்தவர் கேப்டன் தணிகாசலம். மனைவி சுலோச்சனா, நாலு வயது மகள் குமுதா. தங்கமான மனுஷர்தான். எந்தக் காகிதத்தையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் பழக்கம் மட்டும் கிடையாது.

ஸ்டோர் கீப்பர் பக்தவத்சலம் வீட்டுச் சாமான் பட்டியலோடு வந்தார். பட்டியலில் இருப்பது வீட்டோடு நிற்கும். இல்லாதது குடியிருப்பவரோடு போகும்.

“ஃபேன் ரெண்டு. மேஜை ஒண்ணு. கட்டில், குழந்தையோட, ஒண்ணு.”

“குழந்தை எங்களுது,” என்றார் தணிகாசலம்.

“பட்டியல்ல இருக்கு சார்.”

“குடிவந்த அன்னிக்கு அது கட்டில்ல தூங்கிக்கிட்டு இருந்துச்சு.”

“அதனாலதான் பட்டியல்ல இருக்கு. கீழ கையெழுத்து யாருது?”

கையெழுத்து அவருடையதுதான். சுழி உட்படச் சரியாக இருந்தது.

“ஒரு தடவை படிச்சுப் பார்த்தா கண்ணு அவிஞ்சா போயிடும்?” என்று கேட்டாள் சுலோச்சனா.

பக்தவத்சலம் கொஞ்சம் இறங்கி வந்தார். “மனு குடுங்க சார். இரக்கம் கேட்டு ஒரு வரி போதும். சாயங்காலம் நாலு மணி வரைக்கும் டைம் இருக்கு. அதுக்கப்புறம் சாமான் வீட்டோட ஒட்டிக்கும்.”

ஆபீஸ் கூப்பிடு தூரம்தான். அன்று வராந்தா தணிகாசலம் ஓட ஓட நீண்டது. சுவர் நெடுக ஐந்தாம் வீட்டின் பழைய படங்கள். முதல் படத்தில் அது வெடிமருந்துக் கிடங்கு. பிறகு ஓலைக் கூரை. பிறகு ஓடு. எல்லாப் படத்திலும் வாசலில் ஒரு துரையும் ஒரு குழந்தையும் நின்றார்கள். துரைகள் மாறினார்கள். குழந்தை மாறவில்லை. அதன் முகத்தை நின்று பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஆபீஸை அடைந்தபோது மணி மூன்றரை. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு அம்மாள் கிளார்க். தணிகாசலம் வேர்வை சொட்டச் சொட்ட எழுதினார்: ‘என் மகள் குமுதாவை முன்னிட்டு எனக்கு இறக்கம் தரவும்.’

அந்த அம்மாள் படித்துவிட்டு மலர்ந்தாள். “தானா வந்து இதைக் கேக்கறவங்க ரொம்பக் குறைவு. எவ்வளவு வேணும்?”

“முழுசா,” என்றார் தணிகாசலம். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

“முழுசாவே போட்டுட்டேன்.” முத்திரை விழுந்தது.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு காகிதத்தைப் படித்தார். ஒன்பதாம் வீடு என்று இருந்தது. அதுதான் கடைசி வீடு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் காதைத் திருகித் திருகிச் சொன்னது அப்போதுதான் உறைத்தது. சின்ன ர போட்டால் கருணை. பெரிய ற போட்டால் கீழே இறங்குவது.

“தப்பா எழுதிட்டேங்க. சின்ன ர.”

“பெருசு சின்னதாகாது சார்,” என்று அந்த அம்மாள் ஜன்னலைச் சாத்தினாள்.

ஒன்பதாம் வீடு ஒரு காலத்தில் குதிரை லாயம். அதில் இருந்தவர் எங்கே போனார் என்று கேட்பது கோட்டையில் மரியாதை இல்லை. உத்தரவு அவருக்கு முன்பே வந்து சேர்ந்து, வாசலில் சுலோச்சனா டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்தாள். அவர் பக்கத்தில் யாரும் இல்லாததைப் பார்த்தாள்.

“குழந்தை எங்க?”

அவர் திரும்பி ஓடினார்.

கோட்டையில் இறங்கத்தான் பாதை உண்டு, ஏறக் கிடையாது. கொல்லைப்புறச் சுவர்களைத் தாண்டித் தாண்டிப் போனார். எட்டு, ஏழு, ஆறாம் வீட்டுக்காரர்கள் அவரைப் பார்த்ததும் ஜன்னல்களை மூடிக்கொண்டார்கள். போன வாரம்வரை சேர்ந்து சீட்டாடியவர்கள்தான். ஆறாம் வீட்டுச் சுவரிலிருந்து குதித்ததில் முழங்கால் கிழிந்தது. கோட்டை மணி நாலு அடிக்க ஆரம்பித்திருந்தது.

ஐந்தாம் வீட்டுக் கதவை அவர் இரண்டு கையாலும் தட்டினார். நாலாவது மணி அடித்து ஓய்ந்தது. கதவைக் குமுதாதான் திறந்தாள். காலையில் அவர் மாட்டிவிட்ட கவுன் பொத்தான்கள், ஒன்று தப்பி ஒன்றாக, அப்படியே இருந்தன.

“குமுதா, வாம்மா, போலாம்,” என்று கையை நீட்டினார்.

அவள் அவருடைய முழங்கால் ரத்தத்தைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். பிறகு மரியாதையாக ஓரடி பின்னால் போய், உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

“அப்பா, யாரோ வந்திருக்காங்க.”