பெட்டிக்குள் ஈரம்

உராய்வை அளக்கும் இரவல் கருவியை ஏற்றிப்போக இரண்டு மணிக்குக் கண்டியிலிருந்து வான் வரும். ஷிஃபானாவின் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் அந்தக் கருவிக்குள்தான் இன்னும் கிடந்தது.

பென்சில் கரித் தட்டொன்று. அதன்மேல் தங்கத் துகள்கள். ஒரு மயிரின் தடிப்புக்குள் ஆயிரக்கணக்கில் அடுக்கலாம், அவ்வளவு சிறியவை. தட்டு சுழலும்போது எஃகுக் குண்டு அதில் எண்ணெய் பட்டதுபோல் வழுக்க வேண்டும். உராய்வு எண் புள்ளி ஒன்றுக்கு இறங்க வேண்டும். மூன்று கிழமையாகப் புள்ளி நான்கிலேயே நின்றது.

"இதில எத்தினை பவுண் கிடக்கு, மிஸ்?" என்றார் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் சஞ்சீவன்.

"ஒரு மூக்குத்திக்கும் காணாது, அண்ணன்."

"அப்ப வழுக்காட்டிலும் பெரிய நட்டமில்ல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. துறைமுகக் காற்றில் புது இரும்புக் கேற்றும் ஒரு வருசத்தில் துருவேறும் ஊர். அதனால்தான் ஜன்னலை ஒட்டி மூடி, கருவியின் கண்ணாடிப் பெட்டிக்குள் ஈரமுறிஞ்சும் பொட்டலங்களை நிரப்பி வைத்திருந்தாள். இதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

லுஹர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. கைகால் முகம் கழுவி வுளுச் செய்துவிட்டு வந்தவளுக்குக் குண்டைப் பிடிக்கும் ஆணி இளகியிருக்குமோ என்று ஒரு சந்தேகம். முழங்கை ஈரத்தோடே பெட்டிக்குள் கையை விட்டாள். திரையில் கோடு சரசரவென்று இறங்கியது.

"எதையோ தட்டிப்போட்டீங்கள், மிஸ்."

"இன்னும் தொடவே இல்லையே!"

ஆணி இறுக்கமாகத்தான் இருந்தது. கையை எடுத்துப் பெட்டியை மூடிவிட்டுத் தொழப் போனாள். திரும்பி வந்தபோது கோடு பழையபடி புள்ளி நான்கில் நின்றது. காய்ந்துபோன முழங்கையைத் தடவிப் பார்த்தாள்.

பொட்டலங்களை வெளியே எடுத்தாள். நனைத்த பஞ்சை ஒரு கிண்ணத்தில் வைத்து உள்ளே தள்ளினாள். புள்ளி மூன்று. புள்ளி இரண்டு. புள்ளி ஒன்று.

"கரி தாள் தாளாத்தான் அடுக்கியிருக்கு, அண்ணன். அந்தத் தாள்களின்ர ஓரம் முள்ளு மாதிரி. நீராவி போய் ஒட்டினாத்தான் முள்ளு மழுங்கும். நான் காய வைச்சே கெடுத்துப்போட்டன்."

வாசலில் வானின் ஹோர்ன் அடித்தது.

"ஒருக்கா நடந்தது காணாது. இன்னும் ரெண்டு தரம் பார்க்க வேணும். முக்கால் மணித்தியாலம்."

"சாரதியை நான் பாத்துக்கொள்ளுறன். கிண்ணியாத் தயிர் ஒரு சட்டி கிடக்கு. அதைத் தின்னாமல் ஆர் வானை எடுக்கிறது?"

பொட்டலத்தை வைத்தாள்; எண் ஏறியது. பஞ்சை வைத்தாள், இறங்கியது. மறுபடியும் அப்படியே. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் காற்றின் ஈரப்பதத்தையும் குறிப்பேட்டில் குறித்தாள். முந்தைய மூன்று கிழமைப் பக்கங்களையும் கிழிக்கவில்லை. காய்ந்த காற்றின் கணக்கு அவைதான்.

மூன்று மணிக்குக் கருவியை ஏற்றிப்போகும் பெட்டியில் இறக்கினார்கள்.

"இந்தப் பொட்டலங்களை எறியட்டோ?" என்றார் சஞ்சீவன்.

"ஐயோ, வேணாம். உள்ள போடுங்க. இரும்புக்கு அதுதான் வேணும்."