பாலிசேடோஸ் சாலையில் ஒரு பேரம்

புயல் வருகிறது என்று ரேடியோ சொன்னதும் கிங்ஸ்டனில் முதலில் விலை ஏறுவது மெழுகுவத்தி. அடுத்தது டின் மீன். அதற்கும் அடுத்தபடியாகப் பொய். "இதுதான் கடைசிப் பெட்டி, மிஸ்" என்று செத்துப்போன தாயின் மேல் சத்தியம் செய்கிறவனுக்குப் பின்னால் அதே பெட்டி கூரைவரை அடுக்கியிருக்கும். நான் கொரோனேஷன் சந்தையில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே தவழ்ந்து வளர்ந்தவள். என் அம்மா அங்கே கடை போட்டிருந்தாள். அந்தச் சத்தியமெல்லாம் என்னிடம் செல்லாது. தூதரகத்துக்குச் சாமான் வாங்குகிற வேலை என் தலையில் விழுந்ததற்குக் காரணமே அதுதான்.

எந்த நாட்டுத் தூதரகம் என்று கேட்காதீர்கள். இன்னும் அவர்களிடம்தான் சம்பளம் வாங்குகிறேன். குளிர் நாடு. ஆள் குறைவு, விதி அதிகம். புயல் என்றதும் அவர்கள் தலைநகரிலிருந்து ஒரு அவசரப் பை வந்து சேர்ந்தது. திறந்து பார்த்தால் கம்பளிப் போர்வைகளும் ஒரு விசிலும். தூதர் ஹோல்ம் அந்த விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். நல்ல மனிதர். எங்கள் ஊருக்கு வந்து ஒரு புயல்கூடப் பார்க்காதவர்.

முந்தின நாளே மற்ற அதிகாரிகள் குடும்பத்தோடு விமானம் ஏறிவிட்டார்கள். தோட்டக்காரரைத் தென்னைமேல் ஏற்றி எல்லாக் குலையையும் வெட்டச் சொன்னேன். காற்று பிடித்தால் ஒவ்வொரு தேங்காயும் பீரங்கிக் குண்டு. கொடியை இறக்கி மடித்தோம். கம்ப்யூட்டர்களைக் குப்பைப் பையில் கட்டி மேசைமேல் ஏற்றினோம். ஜன்னல்களுக்குப் பலகை அடித்தோம். டின் மீன், மாட்டிறைச்சி டின், உப்பு பிஸ்கட், தண்ணீர் டிரம் எல்லாம் பாஸ்போர்ட் அறைக்குள் போயிற்று. அதற்கு ஜன்னல் கிடையாது, சுவர் கனம். புயல் அடிக்கும்போது உட்கார அதுதான் இடம். பிறகு காவலாளியையும் தோட்டக்காரரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். மிஞ்சியது நானும் தூதரும்தான்.

என் தம்பி லின்வல் தூதரகத்தின் டிரைவர். அவன் அப்போது அங்கே இல்லை.

அந்த நாட்டுக்காரர்களிடம் ஒரு பழக்கம். புயலுக்கு முன்னால் தீவில் இருக்கிற தங்கள் ஆட்கள் ஒவ்வொருவரிடமும் பேசி, பத்திரமாக இருக்கிறேன் என்று அவர் வாயாலேயே கேட்டாக வேண்டும். கேட்கிறவரை கதவைப் பூட்டக் கூடாது. எல்லாரும் பதில் சொல்லிவிட்டார்கள், ஒருவரைத் தவிர. போர்ட் ராயலில் இருக்கிற கேப்டன் எய்னார். ஒரு காலத்தில் கப்பல் ஓட்டியவர், இப்போது கோபத்தைத் தவிர வேறெதையும் ஓட்டாதவர். போனை எடுக்கவில்லை. "போய் அழைச்சிட்டு வாங்க" என்று லின்வலை அனுப்பினார் தூதர்.

போர்ட் ராயலுக்குப் போக ஒரே சாலைதான், பாலிசேடோஸ். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் துறைமுகம், நடுவில் நாடா மாதிரி ரோடு. புயலுக்கு முன்பே பேரலை வந்து அந்த ரோட்டின் மேல் ஏறும். அதன்பின் போர்ட் ராயல் தனித் தீவு. உள்ளே இருக்கிறவன் உள்ளேதான்.

மேகம் மஞ்சளாகியிருந்தது. பறவை ஒன்றுகூட இல்லை. காற்று சுத்தமாக நின்றிருந்தது. அது நின்றதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசி, செல்போன் இணைப்பு முதலிலேயே படுத்துவிட்டது. காரில் இருந்த வயர்லெஸ்தான் கதி.

"லின்வல், எங்கடா இருக்க?"

"கேப்டன் வீட்டு வாசல்லக்கா. வரமாட்டேங்குறாரு."

"ஏனாம்?"

"படகு இஞ்சின். அதையும் ஏத்தினாதான் வருவாராம்."

தூதர் விதிப் புத்தகத்தைப் புரட்டவே இல்லை. அவருக்கு அது மனப்பாடம். "பெட்ரோல் இருக்கிற எந்தப் பொருளும் தூதரக வண்டியில ஏறக் கூடாது, மெர்லீன்."

நான் மைக்கை வாயருகே வைத்தேன். "கேப்டன், நான் மெர்லீன் பேசறேன். பெட்ரோலை வடிச்சிட்டு ஏத்துங்க. நான் இவர்கிட்ட பேசிக்கறேன்."

"வடிச்சா?" கிழவரின் குரல் வயர்லெஸ்ஸில் கரகரத்தது. "வடிச்ச பெட்ரோலை எங்க வெக்கறது? உன் தலைலயா?"

"கீழ கொட்டுங்க."

"காசு குடுத்து வாங்கினது, பொண்ணே."

"சரி, இஞ்சின மாடிக்கு ஏத்திக் கட்டிப் போட்டுட்டு நீங்க மட்டும் வாங்க. புயல் முடிஞ்சதும் நானே வந்து இறக்கித் தரேன்."

"திருடன் ஏணி கொண்டு வருவான்."

"புயல்ல எந்தத் திருடன் வருவான்?"

"புத்திசாலித் திருடன்."

வேறொரு நாளாக இருந்தால் ரசித்திருப்பேன். பேரம் பேசத் தெரிந்த ஆள். ஆனால் அன்றைக்கு அவர் எதிரில் நின்றுகொண்டிருந்தவன் என் தம்பி. அவனுக்குப் பின்னால் கடல்.

"அக்கா," என்றான் லின்வல், குரலைத் தாழ்த்தி. "வரும்போதே ரோட்டுல கல்லு கெடந்துது. அலை தூக்கிப் போட்டது. இப்ப இங்கருந்தே சத்தம் கேக்குது."

சிறிய ரேடியோவில் அறிவிப்பாளர் சொன்னார்: பாலிசேடோஸ் தொடங்குகிற ஹார்பர் வியூ ரவுண்டானாவில் போலீஸ் தடுப்பு வைக்கத் தயாராகிறது. இனி உள்ளே யாரையும் விடமாட்டார்கள். வெளியே வருகிறவர்கள் உடனே வந்துவிட வேண்டும்.

தூதரின் முகத்தைப் பார்த்தேன். அதில் என் தம்பி இல்லை, கேப்டன்தான் இருந்தார். "எங்க ஆளை விட்டுட்டு வண்டி கிளம்பாது," என்றார் மெதுவாக. "அதுக்கு நான் அனுமதி தர முடியாது."

அப்போதுதான் அவரிடம் ஒரு சரக்கை விற்றேன்.

"சார், சந்தையில ஒரு வழி இருக்கு. விலை படியலன்னா வாங்கறவன் திரும்பி நடந்துடுவான். நாலு கடை தாண்டறதுக்குள்ள கடைக்காரன் கூப்பிடுவான். லின்வலைக் கிளம்பச் சொல்றேன். கிழவர் பயந்து பின்னாலயே ஓடி வருவாரு, பாருங்க."

"ஏமாத்துறதா?"

"பேரம் சார். எங்க ஊர்ல எல்லாரும் பண்றது."

அவர் விசிலைத் தடவியபடி யோசித்தார். பிறகு தலையசைத்தார்.

அவரிடம் சொன்னது பொய். நான் கிழவர் வருவாரா மாட்டாரா என்று பார்க்கப் போவதில்லை. என் தம்பி அந்த ரோட்டைத் தாண்டினால் போதும் எனக்கு.

"லின்வல். கெளம்பு. அவரை விட்டுட்டு வா. இப்பவே."

"சரிக்கா," என்றான். கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வண்டி நகர்கிற சத்தமும் கேட்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே காற்று திரும்ப வந்தது. முதலில் பலகைகளுக்கு இடையே ஊதியது, பிறகு தட்டியது. மழை படுக்கையாக வந்தது. தூதர் கதவிடுக்கில் துணியைச் சொருகினார். இந்நேரம் அவன் அந்த ரோட்டு நடுவில் இருக்கிற விமான நிலையத்தைத் தாண்டியிருப்பான் என்று கணக்குப் போட்டுவிட்டு மைக்கை எடுத்தேன்.

"எங்க வந்துட்ட?"

"சர்ச் முக்குல நிக்கறேன்."

"எந்தச் சர்ச்?"

"போர்ட் ராயல் சர்ச்தான். கிழவர் வீட்டுலருந்து நாலு வீடு தள்ளி."

"ஏண்டா நிக்கற?"

"கூப்பிடட்டும்னுதான்," என்றான் சாவகாசமாக. "ரொம்பத் தூரம் போயிட்டா அவரு எப்படிக்கா கூப்பிடுவாரு? கண்ணாடில பாத்துட்டே இருக்கேன்."

ஒரே தாய் வளர்த்த பிள்ளைகள் நாங்கள். அவளோடு நடந்து நடந்து, எந்தக் கடைக்கு அப்பால் நிற்க வேண்டும், எப்படித் திரும்பாமலே பார்க்க வேண்டும் என்று இருவருக்கும் கால்களே பழகியிருந்தன. நான் 'விட்டுட்டு வா' என்றதை அவன் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். வேறெப்படி எடுப்பான்?

தூதர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அவர் முன்னால்தான் சொல்ல வேண்டும். சொன்னேன்.

"லின்வல், கேளு. இது பேரம் இல்ல. நெஜமாவே விட்டுட்டு வா. ரோடு போகப் போகுது."

அவன் சிரித்தான். "நல்லா சொல்றக்கா. அழற மாதிரி குரல் வேற."

"டேய், நான் அழறேன்டா!"

"அம்மாவும் அழுவா. தெரியாதா எனக்கு? கொஞ்சம் இரு."

நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அம்மா மேல் சத்தியம் என்றேன். அதுதான் தப்பு. அம்மா மேல் நான் எத்தனை மிளகாய் மூட்டைக்குச் சத்தியம் செய்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியும்.

"பாத்தியா!" என்று அவன் கூவினான். "வர்றாரு! தள்ளுவண்டில இஞ்சினோட வர்றாரு!"

இரண்டு பேரும் சேர்ந்து அந்த இரும்பைப் பின்சீட்டில் ஏற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன். முனகல், திட்டு, கதவு. தூதர் பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு லின்வல் சிரிக்கவில்லை.

"வலது பக்கம் கடல் ரோட்டுமேல ஏறுதுக்கா."

"நிறுத்தாத."

"முன்னால தெரியல. மணலா தண்ணியான்னு தெரியல. கேப்டன், கால மேல தூக்குங்க. தண்ணி உள்ள வருது."

"முதல் கியர்லயே போ," என்று பின்னாலிருந்து கிழவர் குரல் கேட்டது. "ஆக்ஸிலேட்டர்லருந்து காலை எடுக்காத. அலை வர்றப்ப கிளட்ச்ச மிதிச்சு நில்லு. போனதும் போ. இப்ப நில்லு. நில்லு! இப்ப போ!"

ஏதோ உடைந்தது. கண்ணாடியாக இருக்க வேண்டும். லின்வல் சின்ன வயதில் பயந்தால் போடுகிற ஒரு சத்தம் போட்டான். அத்தோடு வயர்லெஸ் நின்றுபோயிற்று.

"லின்வல்," என்றேன். "லின்வல்." இரைச்சல்தான் வந்தது.

பின்பக்கத்து மாமரம் விழுந்தது. கட்டிடம் அதிர்ந்ததைக் காலில் உணர்ந்தேன். மின்சாரம் போயிற்று. தூதர் டார்ச்சைப் போட்டுத் தரையைப் பார்த்து வைத்தார்.

"நீங்க என்கிட்ட பேரம்னு சொன்னீங்க," என்றார். "அது பேரம் இல்ல."

"இல்ல சார்."

"அவர் என் நாட்டு ஆள், மெர்லீன்."

"இவன் என் அம்மா பெத்த புள்ள."

தூதர் போய் வாசல் கதவின் தாழ்ப்பாளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பூட்டவில்லை. அந்தக் காற்றுக்கு எப்போதோ பூட்டியிருக்க வேண்டும். நானும் போய் அவர் பக்கத்தில் நின்றேன். காற்று கதவை எங்கள்மேல் தள்ளித் தள்ளிப் பார்த்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒவ்வொரு சத்தமும் கார் மாதிரியே கேட்டது.

பிறகு ஒன்று நிஜமாகவே கார்.

தாழ்ப்பாளைத் திறந்ததும் கதவே எங்களைத் தூக்கி எறிந்தது. மழைக்குள் குனிந்து ஓடினோம். முன்கண்ணாடி முழுசாக இல்லை. லின்வலின் நெற்றியிலிருந்து ரத்தம் மழையோடு வழிந்தது. இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுக்க அவனால் முடியவில்லை. நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். பின்சீட்டில் கிழவர். அவர் பக்கத்தில் இஞ்சின், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு.

"ரோடு?" என்று தூதர் காற்றுக்கு மேலே கத்தினார்.

லின்வல் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான். அவர்களுக்குப் பின்னால் அந்த வழியில் யாரும் வரப்போவதில்லை.

பாஸ்போர்ட் அறைக்குள் அவனை உட்காரவைத்து நெற்றியில் துணியை அழுத்தினேன். கம்பளிப் போர்வையைச் சுற்றினேன். கிங்ஸ்டனில் கம்பளி! அவன் பற்கள் அடித்துக்கொண்டன.

"நெஜமாவே வரச் சொன்னியா?" என்றான்.

"ஆமாடா."

"நீ நெஜமா பேசி நான் எப்பக்கா கேட்டிருக்கேன்?" என்றான். குறையாகச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்து, ஒன்றும் ஞாபகம் வராமல் கேட்டான். எனக்கும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

கிழவர் டார்ச் வெளிச்சத்தில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பார்வையைத் தவிர்க்க அந்த அறையில் ஜன்னல் இல்லை.

"நீ கெளம்புன்னு சொன்னப்ப நான் கார்க் கதவண்டதான் நின்னுட்டிருந்தேன்," என்றார். "இவன் பேரம்னு நெனச்சான். நான் நெனக்கல."

நான் லின்வலின் நெற்றித் துணியை மடித்து மறுபடி அழுத்தினேன்.

"முப்பது வருஷம் கப்பல்ல இருந்தவன். ஒருத்தர் என்னை விட்டுட்டுப் போறதுக்குத் துணிஞ்சா குரல் எப்படி இருக்கும்னு தெரியும். அதைக் கேட்டுட்டுத்தான் வந்தேன். இல்லன்னா வந்திருக்க மாட்டேன், பொண்ணே."

அதற்கு நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே வாசல் கதவு பெயர்ந்தது. நாங்கள் இருந்த அறையின் கதவு ஒரு சாண் உள்ளே வளைந்தது. காதுக்குள் அடைத்தது. தூதர் கதவுமேல் பாய்ந்தார். நானும் லின்வலும் இரும்பு அலமாரியை இழுத்தோம். அது நகரவில்லை. கிழவர் வந்து என் பக்கத்தில் தோளைக் கொடுத்தார்.

"நான் சொல்றப்ப," என்றார் என் காதோடு. "இப்ப இல்ல. இப்ப இல்ல. இப்ப!"

தள்ளினோம்.