கட்டில் மறைத்த சுவர்

மதிப்பீட்டாளர் மழை சொட்டும் குடையை மடக்கும்போதே கூரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அவர் கண் போன இடமெல்லாம் வீட்டுக்காரரின் மகளின் கண்ணும் போனது. ஆறு நிலைகளில் இந்த வீடு எந்த நிலை என்று அவர் எழுத வேண்டும். நாலு என்றால் ‘சிறு பழுதுகள், குடியிருக்கத் தக்கது’. வங்கி கடன் தரும். அண்ணனின் பங்கை வாங்கிக்கொண்டு அவளும் அப்பாவும் இங்கேயே இருக்கலாம். ஐந்து என்றால் கடன் கிடையாது. இடித்துக் கட்டுபவருக்கு அண்ணன் விற்றுவிடுவான்.

ஜன்னல் கொக்கிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். சமையலறைத் தரையைக் குதிகாலால் தட்டினார்.

"வயசுக்குப் பரவாயில்லம்மா."

கடைசியாக அப்பாவின் அறை. சுவரை ஒட்டிக் கட்டில். அதில், இடுப்புக்குக் கீழே அசைவில்லாத அப்பா.

"வீட்டுக்கு மார்க் போட வந்தவர்தானே தம்பி? எனக்கும் ஒண்ணு போட்டுட்டுப் போங்க."

"ஆளுங்களுக்குப் போடறதில்ல ஐயா." சிரித்துவிட்டு மகளிடம் தயங்கினார். "படத்துல ஆள் இருக்கக் கூடாதும்மா. கொஞ்ச நேரம் இவரை வெளிய உக்கார வெக்கலாமா?"

இதை அவள் யோசிக்கவே இல்லை. அந்தச் சுவரில் ஆள் உயரத்துக்கு வெடிப்பு. மழைக்கெல்லாம் உள்ளே கசிந்தது. சுவரையே இடித்துக் கட்டணும் என்று கொத்தனார் கைவிரித்துவிட்டார். சாமான்களை நகர்த்தாமல், கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் எழுதுவார்கள் என்று எங்கோ கேட்டுவைத்திருந்த அப்பாதான் கட்டிலை அங்கே தள்ளச் சொன்னார். வெடிப்பின் மேல்பகுதி தெரியாதபடி தலைமாட்டுப் பக்கம் சுவரில் இன்னொரு மெத்தையையும் நிமிர்த்தி வைக்கச் சொன்னார். "நான் படுத்திருக்கிற கட்டில எவன் நகர்த்துவான்?" என்று கண்ணடித்தார்.

இருவருமாகத் தூக்கிக் கூடத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அப்பாவின் சட்டை தோளிலிருந்து இடுப்புவரை ஒரு பக்கம் மட்டும் நனைந்திருந்தது. மதிப்பீட்டாளர் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"வேர்வை தம்பி," என்றார் அப்பா. பற்கள் தந்தியடித்தன.

மதிப்பீட்டாளர் அறை வாசலில் நின்றார். "நான் எதையும் நகர்த்தக் கூடாதும்மா. நீங்க நகர்த்தினா பாப்பேன்."

அவள் கட்டில் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். நகர்த்தவில்லை.

கேமரா ஒருமுறை மின்னியது.

"நாலு," என்றார் போகும்போது, அவள் முகத்தைப் பார்க்காமல். "கடன் கொடுக்கறதுக்கு முன்னாடி பேங்க்லேர்ந்தும் ஒருத்தர் நேர்ல வருவாரு. எப்ப வேணா வரலாம்."

கதவைச் சாத்தியதும் ஓடிப்போய்க் கட்டிலை அறை நடுவுக்கு இழுத்தாள். சுவர் கறுத்துப் பொருமியிருந்தது. அப்பா படுத்திருந்த மெத்தையின் சுவரோரத்தில், அவர் நீளத்துக்கு, பூஞ்சை.

"என்னடி சத்தம்? இருந்த இடத்துலயே தள்ளு," கூடத்திலிருந்து அப்பாவின் குரல். "இன்னொருத்தன் வருவான்னு சொன்னாரா இல்லையா?"

"இருமல் வந்துடுச்சுப்பா உங்களுக்கு."

"நாலு வாங்கியாச்சு. இப்பப் போய்க் கெடுத்துடாத."

அவருக்குச் சட்டை மாற்றினாள். தன் போர்வையை மடித்துச் சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே திணித்தாள். கட்டிலைத் தள்ளி, அப்பாவைத் திரும்பப் படுக்கவைத்தாள்.

"வாசல்ல நின்னு பாரு. தெரியுதா?"

மதிப்பீட்டாளர் நின்ற இடத்தில் போய் நின்றாள்.

"எதுவும் தெரியலப்பா."

"அவ்வளவுதான்," என்ற அப்பாவை அடுத்த இருமல் சுவர்ப் பக்கமாகப் புரட்டிப்போட்டது.